முதல் 200 கிலோமீட்டர்: ஹைப்ரிடா ரோடு பைக்கா, தினமுமா ஞாயிறு மட்டுமா?

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு சைக்கிள் படங்களை அனுப்பி, "இதுல எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். ஒன்று நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட். இன்னொன்று ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பாருடன் ரோடு பைக். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரும் ஜனவரியில் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவரை அவர் ஒரே நாளில் ஓட்டிய அதிக தூரம், அடையாறிலிருந்து கோவளம் போய்வந்ததுதான்.

"சைக்கிள் இருக்கட்டும். கோவளம் போய்வந்த அன்னிக்கு முதல்ல எங்க வலிச்சது?" என்று கேட்டேன். கால் வலிக்கும் என்று எதிர்பார்த்தாராம். வலித்தது உட்காரும் இடமும் கழுத்தும். இந்த அலசல் முழுக்க அந்தப் பதிலிலிருந்துதான் கிளம்புகிறது.

பி.ஆர்.எம். தெரியாதவர்களுக்கு நாலு வரி. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கும் தொலைதூர ஓட்டம் இது. பந்தயம் இல்லை, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. நாலையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். டீ குடிப்பது, பங்சர் ஒட்டுவது, மரத்தடியில் கால் நீட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். 200க்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 15 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. பறந்து போயும் பயனில்லை: 200ஆவது கிலோமீட்டரில் இருக்கும் முடிவுச் சாவடி, புறப்பட்டு 5 மணி 53 நிமிடம் ஆவதற்கு முன் திறக்காது. ஆக, வேகத்தை விடத் தாக்குப்பிடிப்பதற்குத்தான் இங்கே மதிப்பு.

சரி, சைக்கிள்.

ரோடு பைக் வேகமானது என்பதில் சந்தேகமில்லை. சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்று தின்கிறது. வேகம் 20இலிருந்து 25 ஆனால், காற்றைக் கிழிக்க மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். குனிந்து ஓட்டுபவருக்கு அந்தச் செலவு குறைவு. என் அனுபவத்தில் அதே உழைப்புக்கு ரோடு பைக்கில் மணிக்கு இரண்டு கி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. 200 கி.மீ.யில் அது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஆனால் சராசரியாக 20இல் போகும் ஹைப்ரிட்காரர் பத்து மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஓய்வுக்கு மூன்றரை மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு மடங்கு பணம் போடுவதா என்று கேட்டால், முதல் 200க்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் இதை ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஜனவரியில் வைத்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அந்தப் பருவத்தில் வாடைக்காற்று. திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். என் முதல் 200இல் மாமல்லபுரம் தாண்டியதும் மீட்டர் 28 காட்டியது. "நம்மகிட்ட இவ்வளவு இருந்திருக்கா?" என்று எனக்கே பெருமை. மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் வடக்கே திரும்பினேன். அங்கே நிழலும் கிடையாது, மறைப்பும் கிடையாது. அதே காற்று இப்போது முகத்தில். அதே கால், அதே கியர், மீட்டரில் 16. நேர் ஹேண்டில்பாரில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சு பாய்மரம் மாதிரி. பக்கத்தில் ரோடு பைக்கில் ஒருவர் கீழ்க்கொம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல் என்னைக் கடந்துபோனார். வேகத்தை விட எனக்குப் பொறாமையாக இருந்தது அவர் கை. அஞ்சு நிமிடம் மேலே பிடிக்கிறார், அஞ்சு நிமிடம் பிரேக் லீவரின் ரப்பர் மூடிமேல், அப்புறம் கீழே. எனக்கோ ஒரே பிடி.

ரோடு பைக்கின் உண்மையான லாபம் இந்தப் பிடி மாற்றம்தான். 140 கி.மீ. வாக்கில் என் வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் வெளியோரம் ஓடும் நரம்பு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் இப்படித்தான் ஆகும். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மனைவியைக் கூப்பிட்டேன். இதற்கு ரோடு பைக்தான் மருந்து என்றில்லை. ஹைப்ரிட் ஹேண்டில்பாரின் இரு முனையிலும் சிறு கொம்பு மாட்டலாம். கடையில் பார் எண்ட் என்று கேட்டால் தருவார்கள், சில நூறு ரூபாய்தான். பிடிக்க இன்னொரு இடம் கிடைத்துவிடும்.

ஹைப்ரிட் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. 35 மி.மீ. டயர் ஓரச் சரளையில் இறங்கினாலும் பயமில்லை. பல ஹைப்ரிடுகளில் மோட்டார் பைக்குக்கு இருக்கும் அதே வால்வுதான். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கலாம். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அது முடியாது. என்னுடன் வந்தவரின் டியூபைப் பார்த்த பங்சர் கடைப் பையன், "அண்ணே, இது என்ன மூக்கு இப்படி இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகினால் தீரும் பிரச்சினை. அது அவர் வீட்டு மேசை டிராயரில் இருந்தது.

மேடு என்று வந்தால் கியர் பேசும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஹைப்ரிடின் முன்பக்கச் சின்னப் பல்சக்கரம் முழங்காலைக் காப்பாற்றும். கடலோரச் சமதளத்தில் அதற்கு வேலையே இல்லை.

என் தீர்ப்பு: கையில் ஹைப்ரிட் இருந்தால் அதிலேயே 200 ஓட்டுங்கள். 300, 400 என்று போகும் எண்ணம் உறுதியானால் ரோடு பைக். சைக்கிளே இல்லை, பணமும் இருக்கிறது என்றால் நேராக ரோடு பைக். ஆனால் 28 மி.மீ. அல்லது அதற்கு மேல் டயர் ஏறும் ஃபிரேமாகப் பாருங்கள். எதை வாங்கினாலும் சீட்டு உயரம் சரியில்லை என்றால் எல்லாம் வீண். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அது ஆரம்ப அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

சீட்டு பற்றி ஒரே ஒரு வார்த்தை. மெத்தென்ற ஜெல் உறையா, பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸா? இதில் விவாதமே இல்லை. ஜெல் உறை முதல் 20 கி.மீ.க்குச் சொகுசு, அப்புறம் எலும்பு உள்ளே புதைந்து, சதை உரசும். ஷார்ட்ஸ் வாங்குங்கள். உள்ளாடை இல்லாமல் போடுங்கள். கூச்சப்பட்டு உள்ளே ஜட்டி போட்டு, அதன் தையல் எங்கே இருக்கிறது என்று 80ஆவது கிலோமீட்டரில் துல்லியமாகத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

அடுத்து பயிற்சி. இங்கே இரண்டு கட்சி. ஒன்று, "வாரம் முழுக்க வேலை, ஞாயிறு மட்டும் நீளமா அடிச்சிடுவோம்." இன்னொன்று, "தினமும் ஒரு மணி நேரம் போதும், உடம்பு தானா பழகும்." இரண்டையும் முழுசாகச் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வருடம் ஞாயிறு மட்டும். ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஏழாவது நாள் நூறு கி.மீ. ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குகிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடினேன். ஐந்தாவது வாரம் முழங்கால் முன்பக்கம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு விஷயம் கற்றேன்: ஐந்தாவது மணி நேரத்தில் என் உடம்பு எப்படி இருக்கும், எது சாப்பிட்டால் குமட்டும், எந்தத் தோள்பட்டை முதலில் கனக்கும் என்று.

அடுத்த வருடம் மழை. நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர் கருவியில் சைக்கிளைப் பூட்டி, மின்விசிறிக்குக் கீழே, வாரத்துக்கு நாலு நாள் ஒரு மணி நேரம். சென்னைப் புழுக்கத்தில் தரையில் வியர்வை குளம் கட்டியது. கால் இரும்பாகிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீசனின் முதல் நீண்ட ஓட்டத்தில் 90 கி.மீ. தாண்டியதும் சீட்டில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே மிதித்தேன். காலைப் பழக்கியவன் உட்காருமிடத்தைப் பழக்கவில்லை.

ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால், ஞாயிறு ஓட்டத்துக்கே என் ஓட்டு. அது கற்றுத் தருவதை வேறு எதுவும் கற்றுத் தராது. ஆனால் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் சேர்த்துவிட்டால் முழங்கால் தப்பும். என் மூன்றாவது வருட ஞாயிறுகள் இப்படிப் போயின: 50, 65, 80, பிறகு இறங்கி 50; அப்புறம் 95, 110, 125, மறுபடி இறங்கி 70; கடைசியாக 140. அதற்கடுத்த வாரம் லேசாக, அதற்கடுத்தது பி.ஆர்.எம். முன்கூட்டியே 200 ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 140 ஓட்டியவருக்கு மீதி 60 நேரக் கணக்குதான். இறங்கு வாரங்களை விட்டுவிடாதீர்கள். உடம்பு தேறுவது அப்போதுதான்.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் பாதி முடியும். நாய்கள்தான் தொல்லை. வேகம் கூட்டித் தப்ப நினைக்காதீர்கள். நின்று இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

சாப்பாட்டில் பிழிந்து விழுங்கும் இனிப்பு ஜெல் பாக்கெட்டா, நம்மூர் பண்டமா? மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஜெல் அதைச் சட்டென்று தரும். விலை கடிக்கும், நாலாவது பாக்கெட்டில் வாய் திகட்டும். வாழைப்பழம், பேரீச்சை, காலை டிபனுக்கு இட்லி என்று முக்கால்வாசி ஓடிவிடலாம். கடலை மிட்டாய் எனக்கு உயிர், ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். மெதுவாகப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்வேன். கடைசி 40 கி.மீ.க்கு மட்டும் இரண்டு ஜெல்.

குடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இளநீர் போதும் என்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். சட்டையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். இளநீர் குடியுங்கள், கூடவே உப்பு போட்ட ஏதாவது. ஓ.ஆர்.எஸ். அந்த வேலையைச் செய்யும். ஆனால் உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைக் குடித்தால் பசிக்கும் ஆச்சு என்று நினைத்தால், மரக்காணத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவில் கண் இருட்டும்.

நண்பர் ஹைப்ரிடையே வாங்கினார். மிச்சக் காசில் பார் எண்ட், இரண்டு ஷார்ட்ஸ், முன்னும் பின்னும் விளக்கு. போன ஞாயிறு 80 முடித்துவிட்டு ஃபோன் செய்தார். காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "நீங்க போடுற அந்த ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட் எங்க வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார்.