ஸ்டிக்கரில் 120 வோல்ட், கெபாசிட்டரில் 100 வோல்ட்: ஒரு பேக்லைட் போர்டோடு பட்ட பாடு

டிவி ரிப்பேர் மேசையில் உட்காருபவனுக்கு அடிக்கடி வரும் கேஸ் இது. சத்தம் கேட்கும், ரிமோட் வேலை செய்யும், படம் மட்டும் இருக்காது. திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உள்ளே மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருக்கும். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட் போய்விட்டது. பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில், அதாவது எல்இடிகளை வரிசையாக வைத்த பட்டையில், ஏதாவது ஒரு எல்இடி கருகியிருக்கும். சில நேரம் அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பகுதியே செத்திருக்கும். ஒரிஜினல் ஐசி கிடைக்காத பழைய டிவிகளுக்காகத்தான் இந்த யுனிவர்சல் பேக்லைட் போர்டை வாங்கினேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே போர்டு நாலு பெயரில் வருகிறது, பெயரை வைத்துத் தேடியும் பயனில்லை.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய போர்டு, ஆறு வயர்: பவர், கிரவுண்ட், ஆன் சிக்னல், டிம்மிங், எல்இடி பிளஸ், எல்இடி மைனஸ். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘இன்புட் 10-30 வோல்ட், அவுட்புட் 30-120 வோல்ட், ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறது.

இந்த ‘ஆட்டோமேட்டிக்’கைப் பார்த்துவிட்டுப் பலர் போர்டு ஸ்ட்ரிப்பைத் தானே கண்டுபிடித்து அதற்கேற்ற வோல்டேஜ் கொடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது பூஸ்ட் சர்க்யூட், உள்ளே வரும் வோல்டேஜை ஏற்றி வெளியே கொடுப்பது. ஸ்விட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது கரண்ட் காயில் வழியாக நேரே கிரவுண்டுக்கு ஓடும், காயிலில் சக்தி ஏறும். மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் காயில் தன் கரண்டைச் சட்டென்று நிறுத்த விடாது. மாஸ்ஃபெட் பக்க முனையில் வோல்டேஜைத் தூக்கி, டயோடு வழியாக அவுட்புட் கெபாசிட்டருக்குள் தள்ளிவிடும். நொடிக்கு லட்சம் தடவைக்குப் பக்கமாக இது நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மாஸ்ஃபெட் எத்தனை சதவீத நேரம் ஆனில் இருக்கிறதோ, அதுதான் டூட்டி. 24 வோல்ட் உள்ளே போய் டூட்டி 60 சதவீதம் இருந்தால், 24-ஐ மிச்சமுள்ள 0.4-ஆல் வகுத்து, கணக்குப்படி வெளியே 60 வோல்ட்.

டூட்டியை முடிவு செய்வது எல்இடி மைனஸ் கால் கிரவுண்டுக்கு வரும் வழியில் இருக்கும் மூன்று சின்ன ரெசிஸ்டர்கள். மூன்றும் 1.5 ஓம், பேரலலில் 0.5 ஓம். அதன் மேல் விழும் வோல்டேஜ் 0.2-ல் நிற்கும்படி ஐசி டூட்டியை ஏற்றி இறக்குகிறது. 0.2-ஐ 0.5-ஆல் வகுத்தால் 400 மில்லி ஆம்பியர். போர்டு பிடித்து வைப்பது இந்தக் கரண்டை மட்டும்தான். அந்தக் கரண்ட் ஓட ஸ்ட்ரிப் எவ்வளவு வோல்டேஜ் கேட்கிறதோ அது தானாக வந்து நிற்கும்.

மேசையில் 3 வோல்ட் எல்இடி 18 உள்ள ஸ்ட்ரிப் செட்டை மாட்டிப் பார்த்தேன். 24 வோல்ட் சப்ளையில் மீட்டர் 54.6 காட்டியது. கால் மணி நேரத்தில் 53.1. கரண்ட் அசையவில்லை, அதே 400. எல்இடி சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கும், இறங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். இந்த இடத்தில் நிலையான வோல்டேஜ் கொடுத்திருந்தால் சூட்டோடு கரண்டும் ஏறி, ஏறிய கரண்ட் இன்னும் சூடேற்றி, ஸ்ட்ரிப் போயிருக்கும். அப்புறம் சப்ளையை 12 வோல்டுக்கு இறக்கினேன். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய மாறவே இல்லை. சப்ளையிலிருந்து இழுக்கும் கரண்ட் மட்டும் 0.98-லிருந்து 2.1 ஆம்பியருக்குப் போனது, காயிலில் விரல் வைக்க முடியவில்லை. 24 இருக்கும் டிவியில் 24-லிருந்தே எடுங்கள். ஆனாலும் கரண்டைப் பிடிப்பதில் இந்தப் போர்டுக்கு முழு மார்க்.

இனி வசவு. எல்இடி வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். ஸ்ட்ரிப்பில் ஒரு எல்இடி ஓப்பன் ஆனால், அதாவது உள்ளே அறுந்து போனால், நடப்பதும் இதுதான். கரண்ட் ஓடவில்லை, ரெசிஸ்டர் மேல் எதுவும் விழவில்லை, ஐசி ‘போதவில்லை’ என்று நினைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் ஓவர் வோல்டேஜ் புரொடெக்ஷன். இந்தப் போர்டில் அது வேலை செய்கிறது, 117 வோல்டில்! அவுட்புட் கெபாசிட்டரைத் திருப்பிப் பார்த்தால் அதன் மேல் 100 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. முதலில் வாங்கிய போர்டின் கெபாசிட்டர் ஏன் இரண்டே வாரத்தில் தலை வீங்கியது என்று அப்போதுதான் புரிந்தது.

சரிசெய்வது சுலபம். புரொடெக்ஷன் காலுக்குப் போகும் இரண்டு ரெசிஸ்டரில் மேலே 470 கிலோ ஓம், கீழே 8.2. அந்தக் காலில் 2 வோல்ட் வந்ததும் ஐசி நின்றுவிடும். கீழே இருப்பதை 12 கிலோ ஓமாக மாற்றினேன், இப்போது 80 வோல்டில் நிற்கிறது. என்னிடம் வரும் ஸ்ட்ரிப்களுக்கு அது தாராளம். 6 வோல்ட் எல்இடி வரிசையாக நிறைய உள்ள செட் என்றால் 160 வோல்ட் கெபாசிட்டர் போடுவதுதான் வழி. எதைத் தொடுவதற்கு முன்னாலும் கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். நான் ஒரு தடவை மறந்தேன், ஸ்க்ரூடிரைவர் எங்கோ பறந்து போய் விழுந்தது.

இரண்டாவது குறை இன்னும் மோசம். ஆறு எல்இடி உள்ள சின்ன ஸ்ட்ரிப், மொத்தம் 18 வோல்ட். அதை 24 வோல்ட் சப்ளையில் மாட்டினேன். ஆன் சிக்னல்கூடக் கொடுக்கவில்லை, பளீரென்று எரிந்து இரண்டு எல்இடி கருகிவிட்டது. தப்பு என் பேரில்தான். பூஸ்ட் சர்க்யூட்டில் காயிலும் டயோடும் இன்புட்டிலிருந்து அவுட்புட்டுக்குத் திறந்தே கிடக்கும் வழி. மாஸ்ஃபெட் தூங்கினாலும் இன்புட் வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும், அதற்குக் கீழே இறக்க இந்த சர்க்யூட்டால் முடியாது. டிவியின் ஒரிஜினல் போர்டுகள் பலவற்றில் எல்இடி மைனஸ் பக்கம் இரண்டாவது மாஸ்ஃபெட் ஒன்று இருக்கும், ஆஃப் என்றால் அது வழியை அடைத்துவிடும். இதில் அதை மிச்சப்படுத்திவிட்டார்கள். சரி, ஸ்டிக்கரிலாவது ‘ஸ்ட்ரிப் வோல்டேஜ் இன்புட்டை விட அதிகமாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

டிம்மிங் சுமார். பிரைட்னஸை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் வெளிச்சம் துடிக்கிறது, காயில் மெலிதாகக் கீச்சிடுகிறது. டிவியில் யாரும் அவ்வளவு குறைப்பதில்லை என்பதால் நான் கண்டுகொள்வதில்லை.

ஒரு சின்ன யோசனை. மூன்று 1.5 ஓமில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். 0.75 ஓம் ஆகி, கரண்ட் 267 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். வெளிச்சக் குறைவை இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை, ஸ்ட்ரிப்பின் சூடு நன்றாகவே குறைகிறது.

ஐந்துக்கு மூன்று. மீண்டும் வாங்குவேனா என்றால், நேற்றுதான் இன்னும் நான்கு வந்தன. கவரைப் பிரித்ததும் நான்கிலும் அந்த 8.2-ஐத்தான் முதலில் கழற்றினேன்.