மலை நகரில் சுற்றிப் பார்க்க: சொந்தக் காரா, உள்ளூர்ப் பேருந்தா?

மலை நகரத்துக்குச் செல்வோர் பலர், அங்கே தம் காரையே ஓட்டுவதா, உள்ளூர்ப் பேருந்தில் ஏறுவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு
கார்: ஏற்றத்தில் குறைந்த கியரிலேயே ஓடுவதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், நிறுத்தக் கட்டணமும் சேரும்.
பேருந்து: மலிவு. ஆயினும் ஐந்து பேர் சேர்ந்து சென்றால் வேறுபாடு சுருங்கிவிடும்.

பாதுகாப்பு
இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், ஏறும்போது பயன்படுத்திய கியரிலேயே இறங்கி, எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துமாறு ஓட்டவேண்டும். இதுவும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும், மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்துவதும் கைவராதவர், சமவெளியில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் மலைக்குப் புதியவரே. பேருந்து ஓட்டுநருக்கோ அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் அன்றாடப் பாதை.

வசதி
கார்: விரும்பிய நேரத்தில் புறப்படலாம், ஆனால் விடுமுறை நாள்களில் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.
பேருந்து: கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே கேட்டறிய வேண்டும். வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் முன்பகுதியில் அமர்வது நல்லது.

முதியோரும் கைக்குழந்தையும் உடன் வந்தால், மலைச்சாலையில் பழகியவர் ஓட்டும் கார் பொருந்தும். தனியாகவோ இருவராகவோ செல்வோருக்கும், மலையில் ஓட்டிப் பழகாதவருக்கும் பேருந்தையே பரிந்துரைப்பேன்.