கையொப்பமும் அச்சு, எண்ணும் அச்சு: ஓவிய அச்சுகள் வாங்குவோர் கவனத்துக்கு

இணையத்தில் ஓவிய அச்சுகள் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘50 பிரதிகள் மட்டும், ஓவியரே பென்சிலால் கையொப்பமிட்டது, பருத்திக் காகிதத்தில் ஜிக்லே (நுண்ணிய இங்க்ஜெட்) அச்சு’ என்று விளம்பரம் செய்த ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பியது வெறும் சுவரொட்டி.

படம் என்னவோ அருமையானது. மாடியில் ஒரு பெண் துணி உலர்த்துகிறாள். கொடியில் தொங்கும் சிறுவனின் சட்டையிலிருந்து ஒரு சித்திரக்கதை வீரன் அவளுக்கு உதவக் கை நீட்டுகிறான். அந்தக் கற்பனைக்காகவே வாங்கினேன்.

வந்த தாளில் பருத்திக் காகிதத்தின் சொரசொரப்பு மருந்துக்கும் இல்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாய் வரிசை கட்டி நிற்கின்றன. வணிக அச்சகத்தின் அடையாளம் அது. ஜிக்லே அச்சில் இந்த ஒழுங்கான புள்ளிக்கோலம் வராது. கையொப்பத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவும் புள்ளிகள்! பக்கத்திலிருந்த 12/50 என்ற எண்ணும் புள்ளிகள். அப்படியானால் வாங்கிய எல்லோரிடமும் இருப்பது அதே பன்னிரண்டாவது பிரதிதான். உண்மையான பென்சில் கோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக மினுங்கும்.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, ‘பாப் ஆர்ட்டில் புள்ளிகள் இயல்பு’ என்று பதில் வந்தது. சித்திரக்கதை, விளம்பரம் போன்ற அன்றாடப் படங்களை ஓவியமாக்கும் பாணி அது. அந்தப் பாணி ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1960களில் அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கி வரைந்தது உண்மைதான். அவை வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே வைக்கப்பட்டவை, கையொப்பத்துக்குள் ஒளித்தவை அல்ல. அச்சு என்றாலே தாழ்வு என்றும் நான் சொல்லவில்லை. அதே பாணியின் ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967இல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை 10 திரை அச்சுகள் கொண்ட தொகுப்பாக, 250 பிரதிகள் வெளியிட்டார். சுவரொட்டியைச் சுவரொட்டி என்று சொல்லி விற்றால் யாருக்கும் குறையில்லை.

ஓவியரைத் தேடிப்பிடித்து எழுதினேன். அந்தப் படத்துக்கு அவர் அச்சுப் பதிப்பே வெளியிட்டதில்லையாம். அவருடைய பக்கத்திலிருந்து படத்தை எடுத்து, வேறொரு படைப்பில் இருந்த கையொப்பத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. என் பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக விற்பனையாளர் பேரம் பேசினார். மறுத்துவிட்டேன். உருப்பெருக்கி வழியே எடுத்த புகைப்படங்களை வங்கிக்கு அனுப்பிப் புகார் செய்த பிறகு முழுத் தொகையும் திரும்பியது.

உங்களுக்கு வரப்போகும் அதே பிரதியின் எண்ணையும் கையொப்பத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். ‘கையால் தீட்டியது’ என்று விற்கும் கான்வாஸ்களிலும் அச்சின் மேல் நிறமற்ற ஜெல்லைத் தடவித் தூரிகைத் தடம்போலக் காட்டுகிறார்கள். அந்த மேடுகள் உருவத்தின் கோடுகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓவியரிடமே நேரடியாகக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

அதே படம் இப்போது வேறு கடைப்பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. உங்களிடமும் 12/50 என்ற எண்ணோடு அது இருந்தால், அந்த ஓவியருக்குத் தெரிவியுங்கள். புகார் கொடுக்க அவர் சான்றுகள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.