கிடாயின் வாடையா, ஊசி மருந்தா?

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே கொரங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலம் வைத்து ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஆடி மாதக் கணக்கு முக்கியமானது. அந்த மாதத்தில் பட்டியில் உள்ள ஆடுகள் ஒருசேரச் சினைப்பருவத்துக்கு வந்து கிடாயோடு சேர்ந்துவிட்டால், ஐந்து மாதம் கழித்து மார்கழி, தையில் குட்டி போடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த கொழுக்கட்டைப் புல் அப்போதும் கிளுவை வேலிக்குள் மீதமிருப்பதால், தாய்க்குப் பால் ஊறும், குட்டியும் தேறும். பருவம் சிதறி, பங்குனி வெயிலில் குட்டி விழுந்தால் தீவனத்தை விலை கொடுத்து வாங்கியே தாயையும் குட்டியையும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஆடுகளை ஒரே காலத்தில் பருவத்துக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உள்ளன. பொலிகிடாயைச் சில வாரங்கள் கண்ணுக்கும் காதுக்கும் மூக்கிற்கும் எட்டாத இடத்தில் வைத்திருந்து, குறித்த நாளில் பட்டிக்குள் விடுவது முதல் வழி. ஹார்மோன் தோய்த்த பஞ்சையும் ஊசியையும் கொண்டு நாளைக் குறிப்பது இரண்டாம் வழி. முன்னது பழைய பழக்கம் என்றும் பின்னது அறிவியல் என்றும் பலர் பிரித்துப் பேசுகிறார்கள். அந்தப் பிரிவினை தவறானது என்பதே என் உறுதியான கருத்து. இரண்டும் சென்று சேரும் இடம் பெண் ஆட்டின் கருவகம்தான். வாடை மூக்கிலிருந்து மூளை வழியாக முழுத் தொலைவையும் நடக்கிறது, ஊசி மருந்து இடைவழியில் ஏறிக்கொள்கிறது.

முதலில் வாடையைப் பார்ப்போம். பொலிகிடாயின் தலையிலும் கழுத்திலும் வீசும் நெடி, அதன் விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால் உண்டாவது. காயடித்த கிடாய்க்கு அந்த நெடி இல்லாததும், அதை எந்தப் பெண் ஆடும் பொருட்படுத்தாததும் பட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தியே. ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாய்களின் தலையில், வாடையை உறிஞ்சும் பொருள் வைத்த தொப்பியை மாட்டி, அதில் சேர்ந்த ஆவிகளைப் பிரித்துப் பார்த்து, 2014இல் 4-எத்தில்ஆக்டனால் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். எலுமிச்சை வகைப் பழத்தை ஒத்த மணமுள்ள அந்தப் பொருள் காற்றுப்பட்டு அமிலமாக மாறும்போதுதான் நாம் கிடாய் நாற்றம் என்று சொல்லும் நெடி பிறக்கிறது. காயடித்த கிடாய்களிடம் அந்தப் பொருள் காணப்படவில்லை. அதைப் பெண் ஆடுகள் முகர்ந்தபோது, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் இனப்பெருக்கத்தை ஆளும் நரம்புகள் விரைந்து துடித்தன.

அந்தத் துடிப்பு ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி எல்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. எல்.எச். அளவு சில நிமிடங்களிலேயே ஏறத் தொடங்குகிறது. கருவகத்தில் முட்டைப்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தின் வழியே மூளைக்குத் திரும்பிச் சென்ற பிறகுதான், அதுவரை கிடாயைக் கண்டு விலகி ஓடிய ஆடு வாலை ஆட்டிக்கொண்டு அதன் முன்னே நிற்கிறது. ஆணின் ஹார்மோன் வாடையாகிறது, அந்த வாடை பெண்ணின் ஹார்மோனாகிறது, அந்த ஹார்மோன் நடத்தையாகிறது. பெண்ணின் நிலை ஆணுக்குத் தெரிவதும் மூக்கினால்தான்: கிடாயும் காளையும் மூத்திரத்தை மோந்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையை நிமிர்த்துவது, வாயின் மேலண்ணத்துக்கு மேலே உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அந்த வாடையை ஏற்றுவதற்காகவே. நம் ஆனைமலைக் காட்டில் மதம் பிடித்த யானையின் கன்னத்தில் வழியும் மதநீரும் இந்த வகைச் செய்திதான். இளம் ஆண் யானைகளின் மதநீர் தேன்மணம் கொண்டது என்று இக்கால ஆய்வு சொல்வதைப் படித்தபோது, மதநீரில் வண்டு மொய்ப்பதைப் பாடிய நம் பழம்புலவர்களின் கூர்மையை எண்ணி நெகிழ்ந்தேன்.

ஊசி மருந்தின் வழி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. ஜி.என்.ஆர்.எச். மூலக்கூறின் அமைப்பு 1971இல் வெளியானது; அதைப் பிரித்தறிந்த விஞ்ஞானிகள் ஷாலிக்கும் கில்லமினுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் செயற்கை வடிவம் இன்று கால்நடை மருத்துவரின் பெட்டியில் இருக்கிறது. ஆடுகளில், பருவத்தைத் தள்ளிவைக்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து தோய்த்த பஞ்சைப் பிறப்புறுப்புக்குள் பதினொன்று முதல் பதினான்கு நாள் வைத்திருந்து எடுக்கிறார்கள். எடுக்கும்போது, சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் ஒரு ஹார்மோனை ஊசியாகப் போடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வருகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்ற ஊசி வேறு வகை: கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி அடுத்த பருவத்தைத் தள்ளிவைக்கும் மஞ்சள் நிறத் திசுவை அது கரைக்கிறது.

நாள் துல்லியம் என்று வந்தால் பஞ்சே முந்துகிறது. கிடாயை விட்டால் வெள்ளாடுகளில் பல இரண்டு மூன்று நாளில் பருவம் காட்டும். ஆனால் அந்த முதல் பருவச் சுழற்சி பெரும்பாலும் ஐந்தாறு நாளிலேயே முறிந்து, மறுபடி ஒருமுறை பருவம் வரும். செம்மறியில் இன்னும் தாமதம். முதல் கருமுட்டை வெளியேறும்போது மூளைக்குப் புரோஜெஸ்ட்ரோனின் முன்பழக்கம் இல்லாததால், அது வெளியே தெரியாத ஊமைப் பருவமாகக் கழிந்துவிடுகிறது. பதினேழு நாளைக்குப் பிறகு சிலவும், அதற்கும் ஒரு வாரம் கழித்துச் சிலவும் பருவம் காட்டும். ஆடி முதல் தேதியில் கிடாய் விட்ட செம்மறிப் பட்டி ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். இதை அறியாதவர்கள், பத்து நாள் பார்த்துவிட்டுக் கிடாய் சரியில்லை என்று விற்றுவிடுகிறார்கள். அந்தக் கிடாயின் மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கிடாயின் வாடை, சுழற்சி ஓய்ந்து கிடக்கும் ஆடுகளைத்தான் எழுப்பும். ஏற்கெனவே ஒழுங்காகச் சுழற்சியில் உள்ள ஆட்டின் நாளை அது பெரிதாக மாற்றாது. புரோஸ்டாகிளாண்டின் ஊசியோ நேர்மாறாக, சுழற்சியில் உள்ள ஆட்டில் மட்டுமே வேலை செய்யும்; ஓய்ந்து கிடக்கும் ஆட்டில் கரைப்பதற்கு ஒன்றும் இருக்காது. பஞ்சும் குதிரை ஹார்மோனும் சேர்ந்த முறை இரண்டு வகை ஆட்டுக்கும் பொருந்தும். குளிர்நாட்டு ஆடுகள் பகல் நீளும் மாதங்களில் மொத்தமாக ஓய்ந்துவிடுவதால் அங்கே கிடாயின் வாடை முழுப்பட்டியையும் ஒருங்கே எழுப்புகிறது. நம் மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் அவ்வளவு கண்டிப்பான பருவம் பார்ப்பவை அல்ல. குட்டிக்குப் பால் கொடுத்து இளைத்தவையும் கோடைப்பஞ்சத்தில் வாடியவையும்தான் இங்கே ஓய்ந்து கிடக்கும். ஆகவே நம் பட்டியில் கிடாயை மட்டும் நம்பினால் ஒரு பகுதி ஆடுகள்தான் ஒருங்குசேரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செலவையும் ஆபத்தையும் எடைபோட்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கிடாயை ஒதுக்கி வைக்க ஒரு தனிக் கொட்டிலோ, ஒரு மாதத்துக்கு அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உறவினர் தோட்டமோ போதும். ஊசி முறையில் ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து, சுத்தமாகக் கையாண்டு, நாள் தவறாமல் பஞ்சை எடுக்க வேண்டும். குதிரை ஹார்மோனை ஈத்துக்கு ஈத்து போட்டால் ஆட்டின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி, மருந்தின் பலன் குறைந்துபோகிறது. புரோஸ்டாகிளாண்டினைச் சினை ஆட்டுக்குத் தெரியாமல் போட்டுவிட்டால் குட்டி கலைந்துவிடும். வெள்ளாட்டின் சினை கடைசி நாள்வரை அந்த மஞ்சள் திசுவை நம்பியே நிற்கிறது. அந்த மருந்து தோல் வழியாகவும் ஊடுருவும் என்பதால், கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. வீட்டுப் பெண்களே ஆடு பிடித்துக் கொடுக்கும் நம் பகுதியில் இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கட்டுத்தரையில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவரின் நிலை வேறு. செயற்கைக் கருவூட்டலான சினை ஊசி வந்தபின் ஊரில் பொலிகாளை அருகிவிட்டது. பசுவின் மூத்திரத்தை மோந்து நாளைச் சொல்லும் மூக்கும் அதோடு போய்விட்டது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ முக்கால் நாள் மட்டும் நீடிக்கும் பருவத்தை மனிதர் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கலப்பின மாடு கோடையில் கத்துவதும் இல்லை, பிறப்புறுப்பில் வழும்பும் தெளிவாக ஒழுகுவதில்லை. காளை கூடவே இருந்தால் கன்று ஈன்ற பசு விரைவில் பருவத்துக்குத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் ஒற்றை மாட்டுக்காக ஒரு காங்கயம் காளையை வைத்துத் தீவனம் போட யாரால் முடியும்? இங்கே ஹார்மோன் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்., ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.எச்., அதற்கு அடுத்த நாள் சினை ஊசி என்ற ஒழுங்கு 1995இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பருவ அறிகுறியைப் பார்க்காமலேயே நாளைக் குறித்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய நன்மை. இன்னும் கன்று ஈனாத கிடாரிகளில் அது அவ்வளவு நன்றாகப் பலிப்பதில்லை என்பதையும், மருத்துவர் கைவிட்டுச் சோதித்துச் சினை இல்லை என்று உறுதி செய்தபிறகே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாடையும் ஊசியும் சேர்ந்தே தோற்கும் இடங்களும் உண்டு. எலும்பு தெரிய இளைத்த மாட்டில் எந்த முறையும் நிலைக்காது. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். கருப்பையிலேயே உடன்பிறந்த காளையின் ஹார்மோன் இரத்தத்தின் வழி கலந்து அதன் உறுப்புகளைத் திரித்துவிட்டது.

பட்டி ஆட்டுக்கு என் தேர்வு வாடையே. அதனோடு ஊசியில்லாத பஞ்சைத் துணைக்கு வைத்துக்கொள்வேன். குதிரை ஹார்மோனைத் தவிர்த்து, பஞ்சை எடுக்கும் நாளில் கிடாயை விட்டால், புரோஜெஸ்ட்ரோனின் முன்பழக்கம் கிடைத்துவிடுவதால் முதல் பருவம் ஊமையாகப் போவதும் பாதியில் முறிவதும் குறைகின்றன. வைகாசிக் கடைசியில் கிடாயை உறவினர் தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே நன்றாகத் தீனி போட்டு, ஆடி முதல் தேதியில் கொண்டுவந்து விட வேண்டும். பழகிய கிடாயைவிட, ஆடுகள் அதுவரை பார்த்திராத கிடாய்க்குக் கூடுதல் வீரியம் உண்டு என்பதால், பக்கத்து ஊர்க்காரரோடு கிடாயை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.