துரத்துகிற கார்: விங்ஸ் ஃபார் லைஃப் ஓட்டச் செயலி

இந்த ஓட்டத்தில் முடிவுக்கோடு கிடையாது. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லாரும் கிளம்புவார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு கார் பின்னால் வரும். அது உங்களைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நேரடி ஓட்டம் நடக்காத இடத்தில் இருந்தால் செயலி போதும், அதற்குள்ளேயே ஒரு கற்பனைக் கார் துரத்தும். கார் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தண்டுவட ஆராய்ச்சிக்காக நடக்கும் ஓட்டம் இது. கழுத்தில் அடிபட்டு வீல்சேருக்கு வந்துவிட்ட தம்பிக்காக ஓடுகிறவள் நான், அந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன். பயிற்சி அட்டவணை தேடுகிறவர்கள் வேறு செயலி பார்த்துக்கொள்ளலாம்.

நிதி திரட்டும் மாரத்தான்களும் ஓடியிருக்கிறேன். அதில் 42.195 கிலோமீட்டர்கூடப் பரவாயில்லை, தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டுவதுதான் கஷ்டம். "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்று உருகியவர்கள் அடுத்த முறை என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பதிவுக் கட்டணம் முழுவதும் ஆராய்ச்சிக்கே போகிறது. நிர்வாகச் செலவை ரெட் புல் பான நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. (விளம்பரம் கண்ணில் படத்தான் செய்யும். சரி, போகட்டும்.) இதை நடத்தும் விங்ஸ் ஃபார் லைஃப் அமைப்பு பிறந்த கதையும் நம்மைப் போன்ற குடும்பத்துக் கதைதான். மோட்டோகிராஸ் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகச் சாம்பியன் ஹைன்ஸ் கினிகாட்னரின் மகன் 2003-ல் விபத்தில் சிக்கி நடக்க முடியாமல் போனார். மறு ஆண்டே இந்த அமைப்பு தொடங்கியது.

கார் மணிக்கு 14 கிலோமீட்டரில் கிளம்பி, போகப் போக வேகம் கூட்டும். நீங்கள் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், 5 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் பிடித்துவிடும். முதலிடம் பெறுகிறவரையும் கடைசியில் அதே கார்தான் பிடிக்கும். ஓடுகிறவர்களுக்கும் வீல்சேரில் போகிறவர்களுக்கும் ஒரே கணக்கு. 2017-ல் உலக அளவில் முதலில் வந்தவர் ஸ்வீடனின் ஆரோன் ஆண்டர்சன், வீல்சேரில் 92.14 கிலோமீட்டர்!

தம்பிக்கு அடி சி6 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில். விரல்களை அவனாக மடக்க வராது. மணிக்கட்டை மேலே தூக்கினால் தசைநார் இழுபட்டு விரல்கள் உள்ளே சுருளும். அந்தப் பிடியில்தான் ஸ்பூன், போன் எல்லாம். சக்கர வளையத்தைப் பிடித்துச் சுழற்ற முடியாது என்பதால் ரப்பர் ஒட்டிய கையுறையைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுவான். மாரத்தானில் அவன் ஓரமாக இருந்து கைதட்டுகிறவன். இதில் என்னோடு போட்டிக்கு வருகிறான். கார் என்னைப் பிடித்ததும், "என்னக்கா, அவ்வளவுதானா?" என்பான்.

ஆராய்ச்சி விஷயத்தில் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவட நரம்பிழைகள் மறுபடி வளர விடாமல் தடுக்கும் நோகோ-ஏ என்ற புரதத்தை முடக்கும் மருந்துச் சோதனைக்கு இந்த அமைப்பும் பணம் கொடுத்தது. 2024-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை; தண்டுவடம் ஓரளவுக்கே பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் அடிபட்ட சில வாரங்களுக்குள் கொடுத்த மருந்து. தம்பி வாசித்துவிட்டு, "அப்போ அடுத்து விழறவன் அதிர்ஷ்டசாலி" என்றான்.

என் ஒரே பெரிய குறை நேரம். உலகப் பொது நேரம் (யுடிசி) காலை 11 மணிக்குத்தான் தொடக்கம். அது சிலருக்கு நடுராத்திரி, சிலருக்குச் சுடுகிற வெயில். கழுத்தில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். செயலியில் ஓடுவதால் பாதையையாவது நாமே தேர்ந்தெடுக்கலாம். நிழலான இடமாகப் பாருங்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று மடியில் இருக்கட்டும். குடிக்க மட்டும் கொடுத்தால் போதாது, முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் அடித்துக்கொண்டே போக வேண்டும்.