டியூக்கா, நார்த் கரோலைனாவா: இரண்டும் பிடித்தவர் யார் பக்கம்?

டியூக்கும் நார்த் கரோலைனாவும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிக் கூடைப்பந்தில் பரம எதிரிகள். இரு வளாகங்களுக்கும் இடையே சுமார் 16 கி.மீ. தான். இரண்டு கூடைப்பந்து அணிகளையும் நேசிப்பவர்களும் அங்கே உண்டு.

படித்த கல்லூரிக்கே கைதட்டுவது ஒரு வழி. குழப்பமில்லை. (பாதி டியூக்கின் அடர்நீலம், பாதி கரோலைனாவின் வெளிர்நீலம் கொண்ட சட்டை வேண்டாம், இரு தரப்பும் கேலி செய்யும்.)

வெற்றி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் பக்கம் சாய்வது இன்னொரு வழி. நாக்-அவுட்டுக்கு முந்தைய வழக்கமான பருவ ஆட்டங்களில் இது எடுபடும். 2022 மார்ச் 5 அன்று டியூக்குக்குத் தேசியப் போட்டியில் (பருவ இறுதியில் நடக்கும் நாக்-அவுட் தொடர்) இடம் உறுதி; கரோலைனாவுக்கு அப்படியில்லை. கரோலைனா 94-81 என வென்றது. டியூக் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கிக்கு அது சொந்த அரங்கில் கடைசி ஆட்டம் என்பதால் மனம் தடுமாறியவர்களும் உண்டு.

நாக்-அவுட்டில் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று, தேசியப் போட்டியின் அரையிறுதியில் இரண்டும் மோதியபோது, தேவை இருவருக்கும் சமம், தோற்றால் வீடு. கரோலைனா 81-77 என வென்றது. அங்கே முதல் வழிதான் உதவும்.