போறணைக்கு வாங்கிய கே வகை வெப்பமானி: ஏழு மாதப் பாவனையின் பின்

கல்லடியில் நாங்கள் நடத்தும் சிறிய வெதுப்பகத்தின் போறணைக்காக, மட்டக்களப்பு நகரில் கே வகை வெப்பவிணையுடன் கூடிய இலக்கமுறை வெப்பமானியொன்றை வாங்கி ஏழு மாதங்களாகின்றன. வெப்பவிணை என்பது நுனியில் இணைத்த இரு வேறு உலோகக் கம்பிகள்; சூடான நுனிக்கும் மறுமுனைக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கருவி அளந்து, மறுமுனையின் வெப்பநிலையையும் கூட்டிக் காட்டும். திரை தசமம் ஒன்றையும் காட்டுகிறது; அதை நம்ப வேண்டாம். இரண்டாம் தரக் கம்பிக்குச் சர்வதேச நியமம் அனுமதிக்கும் வழுவே 333 பாகை செல்சியசு வரை 2.5 பாகையாகும். 220 பாகையில் பாண் சுடுபவருக்கு அது தாராளம். கடல் மட்டத்திலுள்ள எங்கள் ஊரில் சரிபார்ப்பதும் இலகு: கொதிக்கும் கேத்தலில் 99.1, நொறுக்கிய ஐஸ் கலந்த நீரில் 0.8 காட்டியது.

குறை கம்பியின் நீளத்தில்தான். ஒரு மீற்றர் போதாதென்று திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் சாதாரணச் செப்புக் கம்பியால் நீட்டித் தந்தார். மறுநாள் பாணின் அடி கரிந்தது. நிக்கல் கலப்புலோகக் கம்பிகள் செப்பைச் சந்திக்கும் மூட்டு போறணைச் சுவரோடு சூடேற, கருவியோ அம்மூட்டுத் தன்னிடத்திலேயே இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டதால், வாசிப்பு ஏறத்தாழ 20 பாகை குறைந்திருந்தது. அதே கலப்புலோகத்தாலான நீட்டிப்புக் கம்பியை மாற்றியதும் சரியானது.

இதே கே வகையைத்தான் நீரை உயர் அழுத்தத்தில் கொதிக்காமல் வைத்திருக்கும் பல அழுத்தநீர் அணு உலைகளிலும், எரிபொருள் இருக்கும் உள்ளகத்திலிருந்து ஏறத்தாழ 325 பாகையில் வெளியேறும் நீரை அளக்கப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கம்பியைக் கழற்றிக் கேத்தலில் அமிழ்த்திப் பார்க்க முடியாது. இதைவிடப் பன்மடங்கு சூடான சோதனைகளுக்கேற்ற தங்குதன்–இரேனியம் கம்பியில் இன்னொரு வில்லங்கம்: நியூத்திரன்களை விழுங்கித் தங்குதன் இரேனியமாகவும், இரேனியம் ஒசுமியமாகவும் மாறிவிடுவதால், வெப்பநிலை மாறாமலே வாசிப்பு நகர்ந்துகொண்டிருக்கும். அதனாலேயே அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுகூடம், நியூத்திரன்களைக் குறைவாக உறிஞ்சும் மொலிப்தனம், நையோபியம் ஆகியவற்றைக் கொண்டு வெப்பவிணை செய்தது. தடையியொன்றின் மின் இரைச்சலை, அதாவது வெப்பத்தால் அதில் எழும் மிகச் சிறிய ஒழுங்கற்ற மின்னழுத்த அலைவைக் கொண்டு வெப்பநிலை அறியும் முறையும் உண்டு. தடையி முதுமையடைந்தாலும், அதன் தடையை உடனுக்குடன் அளந்தால் கணக்குப் பிசகாது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான், போறணைக்குத் தேவையில்லாவிட்டாலும்.

விலைக்கு ஏற்ற பொருள் என்பேன். ஆனால் கருவியைப் போறணையின் மேல் வைக்காமல் தள்ளித் தொங்கவிடுங்கள். வாங்கும்போதே மூன்று மீற்றர் கம்பியுள்ளதைக் கேளுங்கள். நான் போன கடையில் அது இருக்கவில்லை.